புதுச்சேரி முதல் பிச்சாவரம் வரை கடலோர நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தை மாதம் நாங்கள் மூன்று பேர் புதுச்சேரி காந்தி சிலையிலிருந்து கிளம்பி, கடலை ஒட்டியே நடந்து பிச்சாவரம் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்த நாளிலிருந்து டீக்கடையிலும் தொலைபேசியிலும் ஒரே மாதிரியான கேள்விகள். பாதிப் பேர் வழி கேட்கிறார்கள். மீதிப் பேர், "அந்த இடமெல்லாம் யாருடையது? யார் வேண்டுமானாலும் நடக்கலாமா?" என்று கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விதான் எனக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பதில்கள் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

மொத்தம் எவ்வளவு தூரம்? எத்தனை நாள் ஆகும்?

கடலோரமாகவே போக முடிந்தால் 55 முதல் 60 கிலோமீட்டர்தான். ஆறுகளைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்பதால் எங்களுக்கு 70க்கு மேல் ஆனது. நான்கு நாள் நடந்தோம். முதல் நாள் நல்லவாடு, இரண்டாம் நாள் தேவனாம்பட்டினம், மூன்றாம் நாள் சாமியார்பேட்டை, நான்காம் நாள் பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகப் பிச்சாவரம். மூன்றாம் நாள்தான் நீளம். அதற்கு முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள்.

இடையில் ஆறுகள் இருக்கின்றனவே, எப்படிக் கடப்பது?

அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு என்று வரிசையாக வரும். முகத்துவாரத்தில் இறங்கிக் கடக்கப் பார்க்காதீர்கள். கோடையில் மணல் மூடித் தரை போலக் கிடக்கும் இடம்கூட மழைக்குப் பிறகு ஆளை இழுத்துவிடும். பாலம் வழியாகச் சுற்றிப் போங்கள், அல்லது ஊர்க்காரர்களிடம் படகு கேளுங்கள். கடலூர் துறைமுகப் பக்கம் நாங்கள் படகில்தான் கடந்தோம். காசு வேண்டாம் என்றார் அந்த அண்ணன். வற்புறுத்திக் கொடுத்தோம்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. புயல் பருவம் முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகேதான் கரையைத் தொட்டது. ஆகவே கார்த்திகை, மார்கழியில் வேண்டாம்.

தை 4ஆம் தேதி கிளம்பினால் இன்னொரு நன்மை உண்டு. மறுநாள் தை 5, பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரக் கோயில் சாமிகளெல்லாம் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி கொள்ளும். ஆற்று மணலில் கடை, ராட்டினம், கரும்பு, குழந்தைகள். அன்றைக்கு அந்த மணலில் நின்றபோது, இவ்வளவு பேர் கூடி உட்காரும் இந்த இடத்துக்கு யாரிடமும் பட்டா இல்லை என்பது சட்டென்று உறைத்தது. பட்டா இருந்திருந்தால் திருவிழா எங்கே நடக்கும்?

மாசி மகமும் அப்படித்தான். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது இஸ்லாமியர்களும் எதிர்கொண்டு மரியாதை செய்கிறார்கள். ஊர் விட்டு ஊர் நடக்கும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. சாமியே நடக்கிறது. சாமிக்கும் நமக்கும் வேண்டியது திறந்த வழி, திறந்த கரை.

அமெரிக்காவில் மாதக்கணக்கில் நடக்கும் பாதைகள் இருக்கின்றனவாமே, அப்படி ஒன்று இங்கே வராதா?

இருக்கின்றன. அப்பலாச்சியன் நடைபாதை 14 மாநிலங்கள் வழியாக ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் போகிறது. பென்டன் மெக்காய் என்பவர் 1921இல் அந்த யோசனையை முன்வைத்தார். 1968இல் தேசிய நடைபாதைகளுக்கென்றே சட்டம் வந்தது. அங்கே நாட்டின் பரப்பில் கால் பங்குக்கும் மேல் கூட்டாட்சி அரசின் நிலம். அது இருப்பதால்தான் மேற்கு மாநிலங்களில் அவ்வளவு நீளமாக நடக்க முடிகிறது.

ஆனால் அங்கேயும் நிலம் பத்திரமாக இல்லை. யூட்டா மாநிலத்தில் பேர்ஸ் இயர்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பொது நிலத்தின் (அங்கே இதைத் தேசிய நினைவிடம் என்பார்கள்) பரப்பை 2017 டிசம்பரில் ஒரே உத்தரவில் 85 சதவீதம் அளவுக்குக் குறைத்தார்கள். 2021இல் வேறொரு உத்தரவில் திரும்பக் கொடுத்தார்கள். 2025இல் மேற்கு மாநிலங்களில் லட்சக்கணக்கான ஏக்கர் பொது நிலத்தை விற்க வழிசெய்யும் யோசனை செனட்டில் எழுந்தது. வேட்டைக்காரர்கள், மீன் பிடிப்பவர்கள், மலையேறிகள் என்று கட்சி பேதமில்லாமல் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் அந்த நிலத்தைக் காலால் அறிந்தவர்கள் என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

நமக்குப் பலகை நட்ட பாதை கட்டாயம் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குப்பத்துக்குக் குப்பம் மீனவர்கள் நடந்த தடம் ஏற்கெனவே இருக்கிறது. அது மூடாமல் இருந்தால் போதும்.

கடற்கரை யாருக்குச் சொந்தம்?

அலை ஏறி இறங்கும் பகுதி தனியாருக்குச் சொந்தமாகாது. அதற்கு மேலே கிடக்கும் மணல் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. அதை ஒட்டிப் பட்டா நிலம் இருக்கலாம். ஆனால் பட்டா இருந்தாலும் நினைத்தபடி கட்ட முடியாது. 1991இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது, 2011இல் திருத்தி எழுதப்பட்டது, 2019இல் மறுபடியும் மாறியது.

2011 அறிவிக்கையில் கிராமப்புறக் கடற்கரைகளுக்கு உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது அலை ஏறும்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. 2019 அறிவிக்கை இதை இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரக இடமாக இருந்தால் 50 மீட்டர், குறைவாக இருந்தால் பழைய 200 மீட்டர். அந்தந்த மாநிலத்தின் கடலோர வரைபடம் புதிய அறிவிக்கையின்படி ஒப்புதல் பெற்ற பிறகே இது செல்லும்.

50 மீட்டர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் கடற்கரையில் நின்று அறுபது எழுபது எட்டு வையுங்கள். அவ்வளவுதான். அதற்குள் படகு ஏற்ற வேண்டும், வலை காய வேண்டும், கருவாடு காய வேண்டும், பங்குனி ஆமை ஏறி முட்டையிட வேண்டும்.

பங்குனி ஆமையா?

ஆமாம். தை முதல் பங்குனி வரை முட்டையிடக் கரையேறும் சிற்றாமையை நம் மீனவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இரவில் நடப்பதாக இருந்தால் விளக்கடிக்காதீர்கள். பொரித்த குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துக் கடல் என்று நினைத்து ஊர்ப்பக்கம் போய்விடும்.

புறம்போக்கு என்றால் பயனற்ற நிலம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. வரி விதிப்புக்குப் புறம்பே போனது என்பதுதான். அரசுக்கு வரி தராத நிலம் என்பதால் யாருக்கும் பயன் தராத நிலம் ஆகிவிடாது. ஏரி, குளம், வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்ச்சல் தரை, மந்தைவெளி, சுடுகாடு, களம் எல்லாமே புறம்போக்குதான். ஒரு ஊரில் பட்டா நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டால் அந்த ஊரில் மாடு நிற்காது, தண்ணீர் வராது, செத்தால் எடுத்துப்போகவும் வழி இருக்காது. அந்தச் சொல்லை வசவாக்கியது நாம் செய்த பெரிய பிழை என்று நினைக்கிறேன். மதிப்பில்லை என்று வாயால் சொல்லிப் பழகிவிட்டால், ஒருவர் வந்து வேலி போடும்போது கேட்கத் தோன்றாது.

நடக்கும்போது இதற்கு ஒரு பழைய உதாரணமும் வரும். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. அதோடு, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்றுதான் இங்கே சொல்கிறார்கள். வயலும் குளமும் வழியும் குண்டு பறந்த நேரத்தில் கைமாறின. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

வழியில் நீங்கள் பார்த்த ஆபத்துகள் என்ன?

முதலாவது, யாரும் திருடாமலே நிலம் போவது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரி துறைமுகத்துக்காக இரண்டு கல் அணைகள் கடலுக்குள் நீட்டப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் மட்டும் திரும்பும். கல் குறுக்கே வந்ததும் மணல் தெற்கில் தேங்கியது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்து, காந்தி சிலைப் பக்கம் கருங்கல் மட்டும் மிஞ்சியது. அதற்கு வடக்கே குப்பங்களில் வீடுகளே போயின. பிறகு தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தது. 2018க்குப் பிறகு அங்கே மணல் மறுபடி சேர்ந்தது. நாங்கள் கிளம்பிய காலை அந்தப் புது மணலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பார்க்க நிம்மதியாக இருந்தது. ஆனால் கல்லைக் கொட்டிக் காப்பாற்றும் வேலை ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அரிப்பைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதை மறக்க முடியவில்லை.

இரண்டாவது, வேலி. கடலூருக்குத் தெற்கே ஓரிடத்தில் முள்கம்பி அலைநீர் தொடும் இடம் வரை வந்திருந்தது. எந்த ஊர், யார் இடம் என்று இங்கே எழுதப்போவதில்லை. தலையில் மீன் அன்னக்கூடையோடு வந்த ஓர் ஆயா எங்களை நிறுத்தினார். "அந்தப் பக்கம் போவாதீங்க தம்பி, கம்பி போட்டுட்டாங்க. எங்க மாமியாரு காலத்துலேந்து இதான் எங்களுக்கு வழி. இப்ப ரோட்ட சுத்திக்கிட்டுப் போறன்" என்றார். எவ்வளவு சுற்று ஆயா என்று கேட்டேன். "ஒரு வெத்தல போட்டுத் துப்புற தூரம் இருந்துச்சு, இப்ப மூணு வெத்தல" என்றார். கூடையை இறக்கி வைக்காமலேதான் பேசினார்.

நாங்களும் அந்தச் சுற்று வழியில் நடந்தோம். இருபத்தைந்து நிமிடம் கூடுதல். எங்களுக்கு ஒரு நாள், அவருக்குத் தினமும் இரண்டு வேளை.

மூன்றாவது, பாதியில் நின்ற பெரிய திட்டங்கள். தானே புயலில் அடிபட்டு நின்றுபோன எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்று இந்தக் கரையில்தான் இருக்கிறது. திட்டம் நின்றாலும் அதற்காக எடுத்த நிலம் ஊருக்குத் திரும்புவதில்லை. பல நூறு ஏக்கர் மதிலுக்குள் கிடக்கும். மாட்டுக்காரர் மதிலுக்கு வெளியே சாலையோரம் மேய்த்துக்கொண்டிருப்பார்.

மணல் மேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கும் மேடுகள்தான் கரையின் முதல் காவல். அதைச் சமன் செய்து நாற்காலி போடுவதை அழகுபடுத்துதல் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நீதிமன்றங்கள் எதுவும் சொல்லவில்லையா?

நிறையச் சொல்லியிருக்கின்றன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரே வாரத்தில் இரண்டு தீர்ப்புகள் கொடுத்தது. இரண்டையும் எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். 11ஆம் தேதித் தீர்ப்பு, காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் கடலோர மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. நம் பக்கத்துக் கிராமங்களின் உப்பேறிய கிணறுகளும் அந்த வழக்கில் பேசப்பட்டன. 13ஆம் தேதித் தீர்ப்பு, கடற்கரை, ஆறு, காடு போன்றவை மக்களுக்காக அரசிடம் ஒப்படைக்கப்பட்டவை, அரசு அவற்றின் அறங்காவலர் மட்டுமே என்றது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப்பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது.

சரி, அப்புறம் என்ன ஆனது? 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பதிவு பெற்ற பண்ணைகளுக்குக் கடலோரத் தடை பொருந்தாது என்று ஆனது. பரங்கிப்பேட்டையிலிருந்து கிள்ளைக்குப் போகும்போது இறால் குளங்களின் காற்றாடிகள் சுற்றும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைத்தேன்: 1996, 2005. வழக்கில் வென்றவர்கள் ஒன்பது ஆண்டுகளில் தோற்றுவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2023இல் இன்னொரு சட்டம் வந்தது: சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்கு, அதற்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தாலும், அரசு நிலத்தைச் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது. பேரவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் கேள்விப்படவில்லை என்கிறார்கள். நடைக்கு வருவதற்கு முன் இதைப் படித்துவிட்டு வாருங்கள் என்பேன். ஷூ எது வாங்கலாம் என்பதைவிட இது அவசியம்.

ஆக்கிரமிப்பை அகற்று என்று சொன்னால் ஏழைகளின் குடிசைதானே முதலில் போகும்?

போகிறது. இந்தக் கேள்வியைக் கேட்டவர் பள்ளி ஆசிரியை ஒருவர். எனக்கு வந்ததிலேயே கனமான கேள்வி இதுதான்.

ஏரிக்கரையில் ஓலை போட்டுக்கொண்டவர் வேறு இடம் இல்லாமல் வந்தவர். மீனவக் குப்பங்களில் பல தலைமுறையாக இருப்பவர்களுக்கே பட்டா கிடையாது. புல்டோசர் அங்கே எளிதாகப் போகும், மதில் கட்டியவரிடம் போகாது. 2011 தீர்ப்பே நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் கொடுத்த இடங்களுக்கு விலக்கு சொல்கிறது. மாற்று இடம் கொடுக்காமல் ஒரு குடும்பத்தை எழுப்புவதை நான் பொது நிலப் பாதுகாப்பு என்று ஏற்கமாட்டேன். அந்த இடம் யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். குப்பத்தை எழுப்பிவிட்டு அதே மணலில் விடுதிக்கு அனுமதி கொடுத்தால் அங்கே பொது நிலம் மீட்கப்படவில்லை, கைமாறியிருக்கிறது.

நாங்கள் பார்க்கும் ஓர் இடம் புறம்போக்கா பட்டாவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடலூர் பக்கம் என்றால் தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டை, அதாவது அந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் கிராமப் பதிவேட்டை, பார்க்கலாம். புறம்போக்கு நிலமா என்று சரிபார்க்கத் தனி வசதியும் உண்டு. புதுச்சேரிக்கு நிலமகள் என்ற தளம். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் கேளுங்கள். அதற்கும் மேல் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

எல்லையைக் கவனியுங்கள். பாகூர்ப் பக்கம் புதுச்சேரியும் தமிழ்நாடும் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் மாநிலம் மாறும், அலுவலகம் மாறும், சட்டமும் மாறும். பெண்ணையாற்றுத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குப் போகிறது. தண்ணீருக்கு எல்லை தெரியாது. ஆக்கிரமிப்பு செய்பவருக்கு நன்றாகத் தெரியும்.

கிராம சபையில் பேசினால் பலன் உண்டா?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் போட்டால் அது ஆவணமாக நிற்கும். கையெழுத்தோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் நிலைமை வருத்தமானது. அங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். நான் இதை எழுதும்வரை அடுத்தது நடக்கவில்லை. ஊர்ப் பொது நிலத்துக்காகப் பேச ஊரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர்கூட அங்கே இல்லை.

இரவில் எங்கே தங்கினீர்கள்?

நல்லவாட்டில் நண்பரின் உறவினர் வீட்டில், தேவனாம்பட்டினத்தில் என் அக்கா வீட்டில், சாமியார்பேட்டையில் கோயில் மண்டபத்தில் கேட்டுத் தங்கினோம். கடற்கரையில் கூடாரம் போடுவதாக இருந்தால் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

நல்லவாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே உள்பக்கம் ஓடியது. ஏறக்குறைய 3,600 பேர் தப்பினார்கள். அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் சொல்லக் கேட்டோம். ஓடின வழியைக் கையால் காட்டினார்கள். அதற்குப் பிறகு, கரையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து அடைபட்டிருப்பதை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

கால் வலிக்குமா? என்ன கொண்டுபோக வேண்டும்?

ஈர மணலில் நடந்தால் கால் புதையாது. தெற்கே போகும்போது கரை இடப்பக்கம் சரிந்திருப்பதால் இடது கணுக்கால் கெஞ்சும். மணிக்கு ஒருமுறை மேட்டுக்கு ஏறிச் சமதளத்தில் நடங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, துண்டு, உப்பும் எலுமிச்சையும். காலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணிக்கு நிழலில் ஒதுங்கி, மாலை 4 மணிக்கு மறுபடி நடப்பது சரியாக இருந்தது. காயும் வலையை மிதிக்காதீர்கள். கருவாடு காயும் இடத்தைச் சுற்றிப் போங்கள்.

பிச்சாவரத்தில் முடிப்பதற்குக் காரணம்?

அதற்கப்பால் கரை கரையாக இல்லை, காடும் நீரும்தான். அதோடு, காப்பாற்றிய நிலம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்து முடிக்க ஆசைப்பட்டோம். சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் நிற்கும் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. ஆழிப்பேரலையின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பதைக் கிள்ளைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருளர் குடும்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் இந்தக் காடு பொதுவாகவே இருக்க வேண்டும். காவல் என்ற பெயரில் முதலில் அவர்களைத் தடுத்துவிடக் கூடாது.

அந்த ஆயாவின் வழி என்ன ஆயிற்று?

புல எண்ணைத் தேடி எடுத்தோம். பதிவேட்டில் அது அரசுப் புறம்போக்கு என்றே இருக்கிறது. தகவல் மனு போட்டோம். "அளவீடு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறோம். இதற்கிடையில் ஊர்ப் பெண்கள் பதினோரு பேர் அடுத்த கிராம சபையில் மனு கொடுக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து அந்த ஆயாவுடைய கைநாட்டு.

அடுத்த முறை நாங்களும் வரலாமா?

வாருங்கள். தை 4ஆம் தேதி காலை 5 மணிக்குக் காந்தி சிலை அருகே நிற்போம். முழுத்தூரம் முடியாதவர்கள் மூன்றாம் நாள் மட்டும் கடலூர் துறைமுகத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம். அன்றைக்குத்தான் அந்தக் கம்பி வேலி வரும்.